பாம்புத் தொட்டியில் ஈரப்பதம் நிற்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

ஆனி பிறந்து மேல்காற்று எடுத்துவிட்டால் எனக்கு வரும் போன் அழைப்புகளில் பாதி ஒரே புகார்தான். "அண்ணாச்சி, ஒரு நாளைக்கு மூணு தடவ தண்ணி அடிக்கேன், மீட்டர் முப்பத்தஞ்ச தாண்டவே மாட்டேங்கு." ஐப்பசி வந்ததும் அதே ஆட்கள் நேர்மாறாகச் சொல்வார்கள்: கண்ணாடியெல்லாம் வியர்க்கிறது, எண்பதுக்குக் கீழே இறங்கவில்லை. பாளையங்கோட்டையில் ஆறு வருடமாகப் பால் பைத்தான் (ball python என்னும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகை) ஒன்று வளர்க்கிறேன். அதன் தொட்டியிலும் தெரிந்தவர்கள் தொட்டிகளிலும் திரும்பத் திரும்பச் சரிசெய்த கோளாறுகளைத்தான் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் தொட்டியில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஒவ்வொன்றிலும் காசில்லாத வழி முதலில் இருக்கும், செலவு பிடிக்கும் வழி கடைசியில் இருக்கும்.

இது பால் பைத்தான், கார்ன் ஸ்நேக் போன்ற வெளிநாட்டு இனங்களுக்கு மட்டும். சாரை, மண்ணுளி, மலைப்பாம்பு என்று நம் மண்ணின் பாம்பு எதையும் வீட்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வீட்டுக்குள் வந்துவிட்டால் வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லிவிடுங்கள். பால் பைத்தான், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் (CITES) உலக உடன்படிக்கையின் பட்டியலில் இருக்கும் இனம். 2024-இல் வந்த விதிகளின்படி அதை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் (PARIVESH) இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். அந்தத் தாள் கையில் இருந்தால் மருத்துவரிடம் போகும்போதும் தயக்கம் இருக்காது.

பால் பைத்தானுக்கு ஈரப்பதம் 55 முதல் 70 சதவீதம் வரை இருக்கலாம். சட்டை உரிக்கும் நாட்களில் 70-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. கார்ன் ஸ்நேக்குக்கு 40 முதல் 60 போதும். இடையில் ஐந்து ஏறினாலும் இறங்கினாலும் பதற வேண்டாம்.

எந்த அறிகுறியானாலும் முதலில் மீட்டரைச் சோதியுங்கள்

முள் வைத்த வட்ட மீட்டர் தொட்டியோடு இலவசமாக வந்திருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள். நான் பார்த்தவற்றில் பாதி, தொட்டி காய்ந்து கிடந்தாலும் 60 என்றே காட்டிக்கொண்டிருந்தது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், கம்பி முனை வைத்த டிஜிட்டல் மீட்டர் இரண்டு வாங்குங்கள்.

வாங்கியதும் உப்புச் சோதனை. பாட்டில் மூடி ஒன்றில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் மாதிரி ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்து ஓடிவிடக் கூடாது. மூடியையும் மீட்டரையும் காற்றுப் புகாத ஜிப் பையில் போட்டு மூடி, வெயில் படாத இடத்தில் ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் அந்த மீட்டர் ஐந்து குறைத்துச் சொல்கிறது என்று மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். பத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் வேறு வாங்குங்கள். உவரி, திசையன்விளை போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று மீட்டரைச் சீக்கிரம் கெடுக்கும். அங்கே ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

அடுத்தது மீட்டர் இருக்கும் இடம். சூடான பக்கத்தில் எப்போதும் குறைவாகத்தான் காட்டும். குளிர்ந்த பக்கத்தில், பாம்பு படுக்கும் உயரத்தில் ஒன்று, சூடான பக்கத்தில் ஒன்று என்று வையுங்கள். கீழே நான் சொல்லும் எண்கள் குளிர்ந்த பக்கத்து எண்கள்.

அறிகுறி: எவ்வளவு தண்ணீர் தெளித்தாலும் 40-ஐத் தாண்டவில்லை

நம் ஊரில் அதிகம் வருவது இதுதான். தண்ணீர் போதவில்லை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நானும் முதல் வருடம் அப்படித்தான் நினைத்து, ஸ்பிரே பாட்டிலும் கையுமாக அலைந்தேன். ஊற்றுகிற தண்ணீர் ஆவியாகி எந்த வழியாக வெளியே போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். தென்காசியில் சாரல் விழும் அதே நாட்களில் திருநெல்வேலிக்கு வந்து சேரும் காற்று வறண்ட காற்று. அது வீட்டுக்குள் புகுந்து, தொட்டியில் இருப்பதையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு போய்விடும்.

மெல்லிய நூல் ஒன்றைத் தொட்டியின் வலைமூடிக்கு ஒரு விரல்கடை மேலே பிடித்துப் பாருங்கள். நூல் ஆடினால் காற்று தொட்டிக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கிறது. சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே தொட்டி இருக்கிறதா? மேற்குப் பார்த்த ஜன்னல் பக்கத்தில் இருக்கிறதா? தொட்டியை உள்சுவர் ஓரமாக நகர்த்துங்கள். மகாராஜநகரில் ஒரு தம்பியின் தொட்டியை ஜன்னலடியிலிருந்து அலமாரிக்குப் பக்கத்தில் மாற்றினோம். வேறு ஒன்றும் செய்யவில்லை. மறுநாள் மீட்டர் 34-லிருந்து 46-க்கு வந்துவிட்டது.

நூல் ஆடவில்லை, ஆனாலும் ஏறவில்லை என்றால் மூடியைப் பாருங்கள். முழு வலைமூடி போட்ட கண்ணாடித் தொட்டி நம் ஊருக்குச் சரிப்படாது. மூடியில் முக்கால் பங்கை அலுமினியத் தாளால் மூடுங்கள். சமையலறையில் சப்பாத்தி சுற்றுகிற தாளே போதும். கொஞ்ச நாள் கழித்து அக்ரிலிக் தகடு வெட்டிப் போட்டுக்கொள்ளலாம். விளக்கு இருக்கும் இடத்தைச் சுற்றி ஒரு சாண் விட்டுவிடுங்கள், பிளாஸ்டிக் எதுவும் விளக்கில் படக் கூடாது. முழுவதும் அடைத்துவிடவும் கூடாது. கால் பங்கு திறந்தே இருக்கட்டும்.

மூடியும் சரி என்றால் அடியில் போட்டிருப்பதைப் பாருங்கள். செய்தித்தாள், மரச்சீவல், செயற்கைப் புல் இவை ஈரத்தைப் பிடித்து வைக்காது. தேங்காய் நார்த்தூள் நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும் பொருள். கோகோபீட் என்று நர்சரியில் கேட்டால் கட்டியாகத் தருவார்கள். உரம் கலந்ததை மட்டும் வாங்கிவிடாதீர்கள். தண்ணீரில் ஊறவைத்து, உப்பும் சாயமும் போக இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்து, கொஞ்சம் உலர்த்திப் போடுங்கள். வெறும் தூளாகப் போட்டால் மேலே காய்ந்து புழுதி கிளம்பும். தேங்காய் மட்டையின் சிறு துண்டுகளைப் பாதிக்குப் பாதி கலந்தால் தூசியும் இருக்காது, காற்றோட்டமும் இருக்கும். ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் கனம் வேண்டும். இரண்டு சென்டிமீட்டர் போட்டுவிட்டு ஈரம் நிற்கவில்லை என்று சொல்லக் கூடாது.

பதம் பார்க்கும் முறை இது. ஒரு பிடி அள்ளி இறுக்குங்கள். கொழுக்கட்டை மாதிரிப் பிடித்து நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் வடியக் கூடாது. இந்தப் பதம் அடித்தூளுக்கு. மேல்தூள் கைக்கு உலர்வாகத்தான் இருக்க வேண்டும், பாம்பின் வயிறு படுவது அங்கேதானே.

அதனால் ஸ்பிரே அடிப்பதை நிறுத்துங்கள். அடித்த அரை மணி நேரத்துக்கு மீட்டர் ஏறும், அப்புறம் பழையபடி இறங்கிவிடும். மேல்தூள் மட்டும் சொதசொதவென்று கிடக்கும். அதற்குப் பதிலாகத் தொட்டியின் மூலைகளில், கண்ணாடியோடு ஒட்டினாற்போலத் தண்ணீரை ஊற்றுங்கள். அது அடியில் பரவி மெல்ல மேலே ஏறும். நான்கடி நீளத் தொட்டிக்கு முதலில் அரை லிட்டர், மறுநாள் பார்த்துவிட்டு இன்னொரு அரை லிட்டர். ஹீட் மேட் (அடியிலிருந்து சூடேற்றும் மின்விரிப்பு) இருக்கும் பக்கத்து மூலைகளைத் தவிர்த்துவிடுங்கள். ஆனி, ஆடியில் எனக்கு நான்கு நாளைக்கு ஒருமுறை ஊற்ற வேண்டியிருக்கிறது. கார்த்திகையில் ஊற்றுவதே இல்லை.

இவ்வளவுக்கும் அசையவில்லை என்றால் சூடு தரும் சாதனம்தான் காரணம். மேலிருந்து எரியும் விளக்கு காற்றைக் காய வைக்கும். சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் எந்தச் சூடேற்றியையும் ஓட்டக் கூடாது. ஈரம் போவது ஒருபுறம் இருக்க, பாம்புக்குத் தீக்காயம் வரும். பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 டிகிரி. அக்கினி நட்சத்திரத்தில் நம் அறையே 34 டிகிரி இருக்கும். அப்போது விளக்குக்கு வேலையே இல்லை, அணைத்துவிடுங்கள். அந்த நாட்களில் ஈரத்தைவிட வெப்பம்தான் முதல் ஆபத்து. குளிர்ந்த பக்கமே 34-ஐத் தாண்டினால் தொட்டியை வீட்டின் குளிர்ந்த அறைக்கு மாற்றுங்கள். ஏசி போட்டால் 27-இல் வையுங்கள், காற்று நேராகத் தொட்டியில் அடிக்க வேண்டாம்.

கடைசி வழி தொட்டியையே மாற்றுவது. முன்பக்கம் திறக்கும் பி.வி.சி பெட்டி ஈரத்தை நன்றாகப் பிடித்து வைக்கும், ஆனால் ஆயிரக்கணக்கில் செலவாகும். ஆசாரியிடம் பிளைவுட்டில் செய்யச் சொன்னால் உள்பக்கம் முழுக்க நீர்புகாப் பூச்சு அடிக்கச் சொல்லுங்கள், பூச்சு வாடை முழுதாகப் போன பிறகே பாம்பை விடுங்கள். புகைபோல நீர் கக்கும் ஃபாகரை நான் யாருக்கும் சொல்வதில்லை. நம் போர் தண்ணீரின் உப்பு அதில் படிந்து அடைக்கும், வாரம் தவறாமல் கழுவாவிட்டால் கிருமியை நேராகத் தொட்டிக்குள் ஊதும்.

அறிகுறி: விடியற்காலையில் 75, மதியம் 38

மீட்டரில் கோளாறு இல்லை. அறை சூடேற ஏற எண் இறங்குவது இயல்புதான். ஏற்றத்தாழ்வு இருபதுக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் போனால் தூளின் கனத்தைக் கூட்டுங்கள், மதிய வெயில் தொட்டியில் விழுகிறதா என்றும் பாருங்கள். தண்ணீர்க் கிண்ணத்தை அகலமானதாக மாற்றிச் சூடான பக்கத்துக்குக் கொஞ்சம் நெருக்கி வைத்தாலும் மதியச் சரிவு குறையும். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளில் எண்கள் வேறு மாதிரி இருக்கும். அந்த ஒரு நாளை வைத்து எதையும் மாற்றாதீர்கள்.

அறிகுறி: சட்டை துண்டு துண்டாக உரிகிறது

நல்ல ஈரத்தில் இருக்கும் பாம்பு, கால் உறையைக் கழற்றுவது போலச் சட்டையை வாயிலிருந்து வால்வரை ஒரே துண்டாகக் கழற்றிவிடும். துண்டுகளாக வந்தால் கடந்த பத்து நாளாகத் தொட்டி வறண்டிருந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், உரித்த சட்டையைத் தூக்கிப் போடாமல் பிரித்துப் பாருங்கள். தலைப்பகுதியில் கண்ணாடிச் சில்லு போல இரண்டு வட்டம் இருக்க வேண்டும். அவை கண்ணின் மேல்சட்டை. வால் நுனியும் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால், உடம்பில் ஒட்டியிருக்கும் துண்டுகள் அவசரமில்லை.

உடம்பில் ஒட்டியிருப்பதற்கு: காற்று ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துண்டைப் போட்டு, பாம்பை அதில் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் விடுங்கள். தண்ணீர் 30 டிகிரிக்கு மேல் வேண்டாம். பக்கத்திலேயே இருங்கள். பிறகு ஈரத்துண்டைக் கையில் தளர்வாகப் பிடித்து, அதன் ஊடே பாம்பை ஊர்ந்து போக விடுங்கள். தானாக வருவது வரட்டும். நகத்தால் பிய்க்காதீர்கள், உள்ளே இருக்கும் புதுத்தோல் கிழியும். வராவிட்டால் மறுநாள் திரும்பச் செய்யுங்கள்.

வால் நுனியில் வளையமாகச் சட்டை நின்றுவிட்டால் சும்மா விடக் கூடாது. காயக் காய அது இறுகி இரத்த ஓட்டத்தை நிறுத்தும், நுனி கறுத்துப் பட்டுப்போகும். மேலே சொன்னதை மூன்று நாள் தொடர்ந்து செய்தும் வளையம் போகவில்லை, அல்லது நுனி ஏற்கெனவே கறுத்திருக்கிறது என்றால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கண்ணில் ஒட்டியிருந்தால் கையே வைக்காதீர்கள். ஊக்கும் வேண்டாம், செல்லோ டேப்பும் வேண்டாம். அடுத்த முறை உரிக்கும்போது ஈரத்தைச் சரியாக வைத்தால் பெரும்பாலும் இரண்டு அடுக்கும் சேர்ந்தே வந்துவிடும். அப்போதும் வரவில்லை என்றால் அது மருத்துவர் வேலை.

இனி வராமலிருக்க, ஈரமறை ஒன்று செய்து வையுங்கள். பாம்பு சுருண்டு படுத்தால் உடம்பு சுவரில் உரசும் அளவுக்கு மூடியுள்ள டப்பா, பக்கவாட்டில் ஒரு ஓட்டை, உள்ளே நனைத்துப் பிழிந்த ஸ்பாக்னம் பாசி. ஆர்க்கிட் செடி விற்கும் நர்சரிகளில் இந்தப் பாசி கிடைக்கும். நான் டப்பாவுக்குப் பதிலாகக் காருகுறிச்சி மண்சட்டி ஒன்றைக் கவிழ்த்து, வாய்ப்பக்கம் உடைத்து வழிவிட்டு, உடைந்த விளிம்பைத் தேய்த்து மழுக்கி வைத்திருக்கிறேன். மண்சட்டி ஈரத்தைக் குடித்து மெதுவாக விடும், உள்ளே குளிர்ச்சியும் நிற்கும். தோல் மங்கி, கண் நீலம் பாய்ந்தது தெரிந்த அன்றே ஈரமறையை உள்ளே வைத்துவிடுங்கள். கண் திரும்பத் தெளிந்த சில நாட்களில் உரித்துவிடும். அந்த நாட்களில் பாம்பைக் கையில் எடுக்க வேண்டாம். இரை தின்னாமல் இருந்தாலும் கவலைப்படாதீர்கள்.

அறிகுறி: கண்ணாடியில் நீர் முத்து, 80-க்குக் கீழே இறங்கவில்லை

ஐப்பசி, கார்த்திகையில் கொண்டல் காற்று வீசும்போது வருவது. ஆனிக்காக மூடிய அலுமினியத் தாளை எடுக்க மறந்துவிட்டதுதான் பெரும்பாலும் காரணம். பாதியை எடுத்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். கிண்ணத்தைச் சிறியதாக மாற்றிக் குளிர்ந்த பக்கத்துக்குக் கொண்டுபோங்கள். குளிர்ந்த பக்கத்துக் கண்ணாடியில் மட்டும், காலையில் மட்டும் ஆவி படிந்தால் அது கோளாறு இல்லை.

2023 டிசம்பர் 17, 18 மழைக்குப் பிறகு எங்கள் வீட்டுச் சுவரே பல நாள் ஓதமாக இருந்தது. தொட்டிக்குள் 85-க்கு மேல். அப்போது தூளை முழுவதும் அள்ளி எடுத்துவிட்டு, வெறும் வெள்ளைத் தாளில் இரண்டு வாரம் வைத்தேன். வெளியே அவ்வளவு ஈரம் இருக்கும்போது தாளில் வைத்தாலும் 65 நின்றது. மின்சாரம் இல்லாத நேரத்தில் ஈரமும் குளிரும் சேர்ந்து வருவதுதான் மோசம், சளி பிடிப்பது அதில்தான். ஈரம் கூடியிருக்கும் நாட்களில் சூடான பக்கம் 31-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: வெள்ளைப் பூஞ்சை, மக்கிய வாடை, எறும்பு

மரக்கட்டையில் பஞ்சு மாதிரி வெள்ளை தெரிந்தால் கட்டையை எடுத்து, கொதிநீர் ஊற்றி, வெயிலில் இரண்டு நாள் போடுங்கள். தூளில் தெரிந்தால் அந்த இடத்தைச் சுற்றி ஒரு கை அகலத்துக்கு அள்ளிப் போட்டுவிட்டுப் புதிது போடுங்கள். வாடை வந்தால் அடியில் கழிவு கிடக்கிறது, அல்லது தண்ணீர் தேங்கியிருக்கிறது. ஒரு மூலையில் அடிவரை தோண்டிப் பாருங்கள். கண்ணாடி தெரியும் இடத்தில் தண்ணீர் நின்றால் முழுத் தூளையும் மாற்றத்தான் வேண்டும்.

ஈரம் இருக்கும் இடத்துக்கு எறும்பு வரும். எறும்புச் சாக்பீஸ், அந்துருண்டை, கற்பூரம், கொசுவத்திச் சுருள், சாம்பிராணிப் புகை எதுவும் அந்த அறையில் வேண்டாம். பாம்பின் நுரையீரல் இவற்றைத் தாங்காது. மேசைக் கால்களின் கீழே தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். மாவுப் பானைக்கும் அலமாரிக்கும் ஆச்சி செய்த அதே வழிதான், அது இங்கும் பலிக்கிறது.

அறிகுறி: வயிற்றுச் செதிலில் சிவப்பு, பழுப்பு, கொப்புளம்

மேல்தூள் ஈரமாகவே கிடந்திருக்கிறது. மீட்டர் 60 காட்டினாலும் இது வரும், ஸ்பிரே அடிப்பவர்கள் தொட்டியில்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அன்றே தூளை எடுத்துவிட்டு உலர்ந்த தாளுக்கு மாற்றுங்கள், தினமும் தாளை மாற்றுங்கள். லேசான சிவப்பு மட்டும் என்றால் ஒரு வாரம் பாருங்கள். உரிக்கப்போகும் பாம்பின் வயிறு இளஞ்சிவப்பாகத் தெரியும், அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்தச் சிவப்பு வயிறு முழுக்கச் சீராக இருக்கும், உரித்ததும் போய்விடும். கொப்புளம், கசிவு, நாற்றம் இவற்றில் ஒன்று இருந்தாலும் வாரமெல்லாம் காத்திருக்காதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.

அறிகுறி: நாள் முழுக்கத் தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடக்கிறது

மூன்று காரணங்கள்: தொட்டி காய்ந்திருக்கிறது, அல்லது சூடு அதிகம், அல்லது உடம்பில் உண்ணி. முதல் இரண்டையும் மீட்டர் சொல்லிவிடும். மூன்றாவதற்கு, கிண்ணத்துத் தண்ணீரின் அடியில் கடுகைவிடச் சிறிய கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஈர வெள்ளைத் துணியால் பாம்பைத் துடைத்தும் பார்க்கலாம். உண்ணி இருந்தால் தொட்டியில் உள்ள அத்தனையும் வெளியே போக வேண்டும். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தை நீங்களாக அளவு பார்த்து அடித்துவிடாதீர்கள், மருந்தே பாம்பைக் கொல்லும்.

அறிகுறி: மூச்சில் சீழ்க்கை, வாயோரம் நுரை

உரிக்கப்போகும் நாட்களில் மூக்குத் துளையில் தளர்ந்த சட்டையால் மெல்லிய சீழ்க்கை கேட்கலாம். உரித்ததும் நின்றுவிட்டால் கவலையில்லை. உரித்த பிறகும் நிற்கவில்லை, வாயைத் திறந்து மூச்சு விடுகிறது, தலையை மேலே தூக்கியே வைத்திருக்கிறது, வாயோரம் கோழையோ குமிழியோ தெரிகிறது என்றால் நுரையீரலில் தொற்று. இதற்கு வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. சூட்டைச் சரியாக வைத்துவிட்டு மருத்துவரைத் தேடுங்கள். மனிதர்களுக்கான ஆன்டிபயாட்டிக்கை உடைத்துக் கொடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

எல்லாக் கால்நடை மருத்துவரும் பாம்பு பார்ப்பதில்லை. ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எங்கே போவதானாலும் போன் செய்து, ஊர்வன பார்க்கும் மருத்துவர் எந்த நாளில் இருப்பார் என்று கேட்டுவிட்டுப் போங்கள். கடந்த ஒரு வாரத்து ஈரப்பதம், வெப்பநிலை, கடைசியாக இரை தின்ற தேதி, உரித்த தேதி நான்கையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள். பாம்பைப் பருத்திப் பையில் போட்டு வாயைக் கட்டி, காற்று ஓட்டை உள்ள பெட்டிக்குள் வையுங்கள். வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடுங்கள். பைக்கின் டேங்க் மேல் பெட்டியை வைக்க வேண்டாம், எஞ்சின் சூடு அடியில் ஏறும். பின்னால் ஒருவர் மடியில் பிடித்துக்கொள்ளட்டும்.